எகான் பெர்னால்: வந்தவரை போதுமா, இன்னும் இருக்கிறதா?

சக்கரக்காரன் (நாகமலை புதுக்கோட்டை)
செவ்வாய், இரவு 10.20

சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு 2025 வுவெல்டாவின் (ஸ்பெயினில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயம், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) 16-ஆம் கட்டம் பார்த்தேன். பெர்னால் ஜெயித்துவிட்டார்! போராட்டக்காரர்கள் வழியை மறித்ததால் மலை உச்சிக்கு 8 கிலோமீட்டர் முன்னாலேயே பந்தயத்தை முடித்துக்கொண்டார்கள். அலங்கார வளைவும் இல்லை, கூட்டமும் இல்லை. மிக்கேல் லாண்டாவும் இவரும் மட்டும் ஸ்பிரின்ட். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, சோறு இறங்கவில்லை.

புதியவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் 22 வயதில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர், கொலம்பியாவின் முதல் டூர் சாம்பியன். 2021-ல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவும் அவருக்கே. 2022 ஜனவரி 24 அன்று சொந்த நாட்டில் பயிற்சி. தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரயல் போட்டிக்கான, முன்னால் கை நீட்டித் தலையைக் குனிந்து ஓட்டும் சைக்கிளில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனவர், ஆள் இறக்க நின்ற பேருந்தின் பின்புறத்தில் மோதினார். ஏறக்குறைய 20 எலும்பு முறிவுகள். தொடை எலும்பு, முழங்கால் சில்லு, விலா, முதுகெலும்பு எல்லாம். நுரையீரலிலும் ஓட்டை. இடுப்புக்குக் கீழே செயலிழக்க 95 சதவீதம் வாய்ப்பு இருந்ததாக அவரே பின்னால் சொன்னார்.

ஆள் இறக்க நின்ற பேருந்து. இதைப் படிக்கும்போது நம் ஊரில் யாருக்குத்தான் உதறாது? என் கதை இங்கே பலருக்குத் தெரியும். மார்ச் கடைசியில் விடியற்காலை, செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டில், பின்னால் விளக்கோ சிவப்பு ஸ்டிக்கரோ இல்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லர். என் வேகம் 32 தான். இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்து, உள்ளே ராடு வைத்து ஐந்தரை மாதம் ஆகிறது. அதனால் இந்த ஆளை நான் நடுநிலையாகப் பார்க்க மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி இதுதான். பெர்னால் திரும்பி வந்துவிட்டாரா? டூர் ஜெயிக்கிற ஆளாக இனி வருவாரா?

தெப்பக்குளம் ரவுண்டு
செவ்வாய், இரவு 10.51

வாழ்த்துகள், நானும் பார்த்தேன். ஆனால் தம்பி, தொண்டை அடைப்பதை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

2023 டூரில் 36-ஆவது இடம். 2024-ல் கட்டலூனியா பந்தயத்தில் மூன்றாவது, சுவிஸில் நான்காவது, அதே ஆண்டு டூரில் 29. இந்த வருஷம் பிப்ரவரியில் கொலம்பிய தேசியப் போட்டியில் டைம் டிரயல், ரோடு இரண்டிலும் தங்கம். மே மாதம் ஜிரோவில் 7. இப்போது ஒரு கட்ட வெற்றி.

கோடு மேலே ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் ஐந்து பேருக்குள் நிற்கிற கோடு இல்லை அது. டூர் ஜெயிப்பது வேறு உலகம். வருவதற்கில்லை என்பது என் முடிவு.

மேலூர் மாட்டுவண்டி
செவ்வாய், இரவு 11.05

எனக்குப் பந்தயம் தெரியாது. சக்கரக்காரன் தம்பி, ஆட்டுக்கால் சூப் விடாமல் குடிக்கிறீர்களா? பிரண்டைத் துவையல்? எங்கள் அப்பத்தா இடுப்பு எலும்பு உடைந்து பிரண்டையில்தான் எழுந்து நடந்தார்.

சக்கரக்காரன்
செவ்வாய், இரவு 11.12

அண்ணே, சூப் குடித்துக் குடித்துத் தெருவில் ஆடுகள் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகின்றன.

அழகர்மலை ஏறி
புதன், காலை 6.40

தெப்பக்குளம் சார், உங்கள் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். பெர்னால் இதற்கு முன் கடைசியாக ஒரு பெரிய பந்தயக் கட்டத்தை ஜெயித்தது 2021 ஜிரோவின் 16-ஆம் கட்டம். மழையில் கோர்ட்டினாவுக்குள் நுழைந்து, முதலிடக்காரருக்கான ரோஸ் சட்டை தெரிய வேண்டும் என்று கடைசி நேரத்தில் மேல்கோட்டைக் கழற்றினாரே, அது. நேற்றும் 16-ஆம் கட்டம். நடுவில் நான்கு வருஷம்.

இன்னொன்று. நேற்று அவரோடு ஸ்பிரின்டில் மோதிய லாண்டா யார்? இந்த மே மாதம் அல்பேனியாவில் ஜிரோவின் முதல் நாளே விழுந்து முதுகெலும்பு உடைந்தவர். முதுகெலும்பு உடைந்த இரண்டு பேர் முதல் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள்! நீங்கள் இடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

திரும்பி வருவது நடக்காத காரியமும் இல்லை. 2020 ஆகஸ்ட்டில் போலந்தில், கட்டோவிட்சே இறக்கத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஃபாபியோ யாகோப்சன் தடுப்பில் போய் விழுந்தார். இரண்டு நாள் செயற்கைக் கோமா, முகத்தில் 130 தையல், வாயில் மிஞ்சியது ஒரே பல். இடுப்பு எலும்பை எடுத்துத் தாடை கட்டினார்கள். அடுத்த வருஷம் வுவெல்டாவில் மூன்று கட்டங்களும், புள்ளிகளில் முதல் வந்தவருக்கான பச்சைச் சட்டையும் அவருக்கு. 2022-ல் டூரில் ஒரு கட்டம். அவரைத் தடுப்புப் பக்கம் தள்ளியதற்காக ஒன்பது மாதம் தடை பெற்ற டிலன் குருனவேகன், மறுநாள் அதே டூரில் அடுத்த கட்டத்தை ஜெயித்தார். கதையாக எழுதினால் பத்திரிகைக்காரன் நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிப் பந்தயத்தில் கூட்டமாக விழுந்ததையும் மறக்க வேண்டாம். அதற்கு முன் இரண்டு டூர் ஜெயித்திருந்த விங்கேகார் 12 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று மாதத்தில் டூரில் இரண்டாம் இடம், நடுவில் ஒரு கட்டத்தில், அந்த டூரை ஜெயித்த பொகாச்சரையே கடைசி ஸ்பிரின்டில் முந்தினார். அதே விபத்தில் விழுந்த எவெனபூல் டூரில் மூன்றாவது வந்து, பாரீஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் எடுத்தார்.

தெப்பக்குளம் ரவுண்டு
புதன், காலை 8.15

எல்லாம் சரி. நீங்கள் சொன்ன ஆட்களில் யாருக்காவது தொடை எலும்பு உடைந்ததா?

தொடை எலும்பு உடைந்த டூர் சாம்பியன் இன்னொருவர் இருக்கிறார். கிறிஸ் ஃப்ரூம். நான்கு டூர் ஜெயித்தவர். 2019 ஜூன் 12, டோஃபினே பந்தயத்தின்போது டைம் டிரயல் பாதையைப் பார்வையிடப் போனவர், மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்த நொடியில் காற்று அடித்துச் சுவரில் மோதினார். தொடை, இடுப்பு, முழங்கை, விலா. அதற்குப் பிறகு ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. 2022 டூரில் ஆல்ப் தியுவேஸ் மலைக் கட்டத்தில் மூன்றாவது வந்ததுதான் உச்சம். இப்போது இரண்டு வாரத்துக்கு முன் பிரான்சில் பயிற்சியில் மறுபடி விழுந்து, விலா ஐந்தும் முதுகெலும்பு ஒன்றும் உடைந்து கிடக்கிறார். வயது 40.

பிசியோ புதூர்
புதன், பகல் 1.30

தெப்பக்குளம் சார் கேட்டது சரியான கேள்வி. கிளினிக்கில் இடைவேளை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விபத்து எவ்வளவு கோரமாக இருந்தது என்பதை வைத்து எங்கள் துறையில் முடிவு சொல்ல மாட்டோம், எந்த இடம் என்றுதான் முதலில் பார்ப்போம். யாகோப்சனின் முகம் நொறுங்கியது. ஆனால் சைக்கிள் மிதிக்கிற எஞ்சின், அதாவது இடுப்பு, தொடை, முழங்கால், தப்பித்துவிட்டது. விங்கேகாருக்குக் காரை எலும்பும் விலாவும் நுரையீரலும். கொடுமையான வலிதான், ஆனால் வீட்டுக்குள் நிறுத்திவைத்த சைக்கிளில் சில வாரத்தில் கால் சுற்ற ஆரம்பிக்கலாம். காரை எலும்பு உடைந்த சைக்கிள்காரரை நான் நோயாளியாகவே எண்ணுவதில்லை, விடுமுறையில் இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்வேன்.

தொடை எலும்பு அப்படி இல்லை. உடம்பிலேயே பெரிய எலும்பு. ராடு வைக்க இடுப்புப் பக்கம் தசையைப் பிரித்துக்கொண்டு போய்த்தான் எலும்பின் உட்குழலில் இறக்குவார்கள். அந்த இடுப்புத் தசை மாதக்கணக்கில் சோம்பேறியாகிவிடும். தொடையின் முன்தசை இன்னும் மோசம், இரண்டே வாரம் படுத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கரையும். எலும்பு ஒட்ட மூன்றிலிருந்து ஆறு மாதம், அதற்குப் பிறகும் அது தன்னைத் தானே செதுக்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரேயில் ஒட்டிவிட்டது என்பதும், இரண்டு காலும் ஒரே பலத்தில் மிதிக்கிறது என்பதும் வெவ்வேறு தேதிகள். சாதாரண ஆளுக்கு 5 சதவீத வித்தியாசம் தெரியவே தெரியாது. மூன்று வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மிதிப்பவருக்கு அதுதான் முதுகு வலி, முழங்கால் வலி, கடைசி மலையில் பின்தங்கல்.

பெர்னாலுக்குத் தொடையோடு முழங்கால் சில்லும் முதுகெலும்பும் சேர்ந்து போயின. அவர் இரண்டே மாதத்தில் ரோட்டில் சைக்கிள் ஓட்டினார், ஏழாவது மாதம் டென்மார்க்கில் பந்தயத்தில் இறங்கினார். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். ஃப்ரூம் விழுந்தபோது 34, இவருக்கு 25. அந்த ஒன்பது வருஷம் எலும்புக்கும் தசைக்கும் சாதாரண வித்தியாசம் இல்லை.

எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய டிராக் சைக்கிள் வீராங்கனை. 2018-ல் பயிற்சியில் இன்னொரு வீரரோடு மோதி முதுகுத்தண்டு போய்விட்டது, அதிலிருந்து சக்கர நாற்காலிதான். பெர்னால் சொன்ன 95 சதவீதத்தை மிகை என்று நினைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் ஒரு பெயர். அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கித் தனியாகப் போனவர், இறக்கத்தில் விழுந்து இடுப்புப் பக்க முதுகெலும்பில் மூன்று விரிசல், தலையிலும் அடி. அடுத்த வருஷமே டைம் டிரயல் உலக சாம்பியன். டோக்கியோவில் தங்கம் வாங்கும்போது வயது 38.

சக்கரக்காரன் தம்பி, இஞ்சு டேப்பை எடுத்து முழங்கால் சில்லுக்கு மேல் நான்கு விரற்கடை தள்ளி இரண்டு தொடையையும் அளந்து போடுங்கள்.

சக்கரக்காரன்
புதன், பகல் 2.02

வலது 49, இடது 46.5 சென்டிமீட்டர். ஏப்ரலில் இடது 43 இருந்தது அக்கா.

பிசியோ புதூர்
புதன், பகல் 2.10

பரவாயில்லை. ஆனால் வீட்டுக்குள் நிறுத்திவைத்த டிரெயினர் சைக்கிளில் மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். சைக்கிள் ஓட்டும்போது எலும்பின் மேல் எடை இறங்குவதில்லை, வருஷக்கணக்கில் ஓட்டும் பந்தய வீரர்களுக்கே எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது அதனால்தான். டாக்டர் சம்மதித்தால் நடங்கள், படி ஏறுங்கள். திருப்பரங்குன்றம் படியை இப்போதே நினைக்க வேண்டாம், வீட்டு மாடிப்படி போதும்.

உசிலை எக்ஸ்பிரஸ்
புதன், இரவு 9.45

எல்லோரும் எலும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மாநில அளவில் நான்கு வருஷம் ரோடு ரேஸ் ஓட்டியவன், விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்தவன். எலும்பை விடக் கடைசியாக ஆறுவது பிரேக் விரல்.

விளக்குகிறேன். சிறுமலையிலிருந்து திண்டுக்கல் பக்கம் இறங்கினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். விழுவதற்கு முன் ஒவ்வொரு வளைவிலும் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை, விரல் தானாகப் பிடிக்கும், தானாக விடும். விழுந்த பிறகு ஒவ்வொரு வளைவிலும் அரை நொடி சீக்கிரம் பிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாராலும் நிறுத்தவும் முடியவில்லை. அரை நொடி என்றால் முன்னால் போகிறவனுக்கும் எனக்கும் மூன்று சைக்கிள் இடைவெளி. அதை அடைக்க வளைவு முடிந்ததும் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். 18 வளைவு என்றால் 18 ஸ்பிரின்ட். கீழே வந்து சேரும்போது கால் காலி, அடுத்த ஏற்றத்தில் மூச்சு இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர், பையனுக்கு ஏறுகிற பலம் போய்விட்டது என்பார். ஏறுகிற பலம் இருந்தது அண்ணே, இறக்கத்தில் செலவாகிவிட்டது.

பெருங்கூட்டத்தின் நடுவில் ஓட்டுவதும் அப்படித்தான். 170 பேர், கைப்பிடிக்குக் கைப்பிடி உரசல். பயம் வந்தவன் தானாகப் பின்னால் நகர்வான். பின்னால் போனவனுக்குத்தான் வளைவுக்கு வளைவு இந்த ரப்பர் இழுவை. 2023-ல் 36-ஆவது வந்த பெர்னாலுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் நேற்று கடைசி சில நூறு மீட்டரில் லாண்டாவை எப்படிப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முந்தினார் என்று பாருங்கள். அது கணக்குப் போடும் தலை, பயந்த தலை அல்ல.

அழகர்மலை ஏறி
புதன், இரவு 10.03

இந்த இழையிலேயே சிறந்த பதிவு உன்னுடையது தம்பி. ஏன் விட்டாய் ரேஸை?

உசிலை எக்ஸ்பிரஸ்
புதன், இரவு 10.20

அதை ஏன் கேட்கிறீர்கள். மூன்று மாதம் கட்டோடு உட்கார்ந்தேன். அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலையில், பந்தயத்துக்குப் போய் விழுந்தவனுக்கு எதற்கு லீவு என்று கேட்டார்கள். மருத்துவச் செலவுக்கு அம்மாவின் வளையல் போனது. அடுத்த சீசனுக்கு டயர் வாங்கக்கூடக் காசு இல்லை, அவ்வளவுதான்.

பெர்னால் விஷயத்தில் யாரும் பேசாத ஒன்று இதுதான். விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் இனியோஸ் அணியோடு 2026 கடைசி வரை ஒப்பந்தம் போட்டிருந்தார். ஐந்து வருஷச் சம்பளம் உறுதி. அணி டாக்டர், பிசியோ, மெக்கானிக் எல்லாம் கூடவே. 36-ஆவது வந்தாலும், 29-ஆவது வந்தாலும், அடுத்த வருஷமும் சீட்டு இருக்கிறது என்று தெரிந்து ஓட்டினார். மனத்தைரியம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தத் தைரியம் மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க ஒரு காகிதமும் வேண்டியிருந்தது.

மேலூர் மாட்டுவண்டி
புதன், இரவு 10.41

பந்தயம் தெரியாத எனக்கே இது புரிகிறது தம்பி. ஒரு விஷயம், எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலத்தில் 'நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் 2021 கடைசியிலிருந்து இருக்கிறது. ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும். என் மச்சினனை அப்படித்தான் காப்பாற்றினோம். 108-க்குப் போன் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெப்பக்குளம் ரவுண்டு
வியாழன், காலை 7.30

உசிலைத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். சரி, என் வாதத்தைத் திருத்திச் சொல்கிறேன், கைவிடவில்லை.

1989-ல் நான் கல்லூரி மாணவன். கிரெக் லெமாண்ட் டூரை 8 நொடியில் ஜெயித்த செய்தியைப் பேப்பரில் படித்தது நினைவிருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டவர் அவர். ஈயக் குண்டுகள் உடம்பிலேயே மிச்சம் இருக்க, மறுபடி டூர் ஜெயித்தார். ஆக, பெரிய காயத்துக்குப் பிறகு டூர் ஜெயிக்கவே முடியாது என்று நான் சொன்னால் பொய்.

ஆனால் லெமாண்ட் திரும்பி வந்தபோது அவர் விட்டுப்போன பந்தயம் அங்கேயே நின்றிருந்தது, ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள். பெர்னால் படுத்திருந்த நேரத்தில் பந்தயம் எங்கோ போய்விட்டது. 2024-ல் பிளாட்டோ டி பெய்ல் மலையில் பொகாச்சர் ஏறிய நேரம், 1998-ல் டூர் ஜெயித்த பன்டானி ஏறியதைவிட மூன்று நிமிஷத்துக்கு மேல் குறைவு. பன்டானி காலம் ஊக்கமருந்துக் காலம் என்று எல்லோருக்கும் தெரியும், அதையே தாண்டிவிட்டார்கள். 2019-ல் டூர் ஜெயித்த பெர்னாலை ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே தூக்கி வந்து 2025-ல் இறக்கினாலும் முதல் மூன்றுக்குள் வருவாரா என்பது எனக்குச் சந்தேகம். விபத்து நடக்காமல் இருந்திருந்தாலும் இதே கேள்விதான் இருந்திருக்கும். நாம் பேருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம், பாதி குறை பொகாச்சர்.

சக்கரக்காரன்
வியாழன், இரவு 9.10

சார், இதை நான் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

டூர் ஜெயிப்பாரா? மாட்டார் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அது உடம்பு ஆறாததால் இல்லை. பெர்னால் வளர்ந்த கொலம்பிய ஊரான சிபகிராவே கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டர், நம் கொடைக்கானலைவிட ஐந்நூறு மீட்டர் மேலே. அந்த நுரையீரல் ஓட்டை விழுந்து, அடைத்து, மறுபடி மூன்று வாரப் பந்தயத்தில் 7-ஆவது வந்தது. ஆறியாகிவிட்டது. இனி அவர் 28 வயதில் ஒரு நல்ல ரைடர். சில நாள் ஜெயிப்பார், சில நாள் அணிக்காகத் தண்ணீர் பாட்டில் சுமப்பார். ஒரு ஜிரோவோ வுவெல்டாவோ, பெரிய ஆள் இல்லாத வருஷமாகப் பார்த்து மேடையில் மூன்றாவது படி. அதற்கு மேல் கேட்டால் அது நம் பேராசை.

எனக்கு மனதில் நிற்பது வேறு. விபத்துக்கு முந்தைய பெர்னாலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு மூன்று வருஷம் எழுதினார்கள், நானும்தான். அவர் அதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நானோ இன்னும் சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்டிராவா செயலியில் பழைய கணக்கை எடுத்து, போன டிசம்பரில் நாகமலையிலிருந்து சோழவந்தான் போய் வந்த நேரத்தைத் தினமும் பார்க்கிறேன். பந்தயக்காரனும் இல்லை, சம்பளமும் இல்லை, யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கப் போவதும் இல்லை. யாருக்காகப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

நேற்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ரோட்டில் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், 20 கிலோமீட்டருக்குள். வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிசியோ புதூர்
வியாழன், இரவு 9.22

முதலில் வீட்டில் சொல்லுங்கள். அப்புறம் சைக்கிள்.

உசிலை எக்ஸ்பிரஸ்
வியாழன், இரவு 9.30

ஞாயிறு நான் மதுரையில்தான் இருப்பேன். நாகமலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை போய்த் திரும்பலாம் அண்ணே. நன்றாக விடிந்த பிறகு, 6.15. நான் பின்னால் வருகிறேன், என்னிடம் நல்ல சிவப்பு விளக்கு இரண்டு இருக்கிறது. நிற்கிற வண்டி எதைப் பார்த்தாலும் நூறு மீட்டர் முன்னாலேயே கத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அழகர்மலை ஏறி
வியாழன், இரவு 9.34

நானும் வருகிறேன்.

தெப்பக்குளம் ரவுண்டு
வியாழன், இரவு 9.50

எனக்கு முழங்கால் வலி, ஸ்கூட்டரில் வருகிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். வேகம், தூரம், நேரம் எதையும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஒருநாளாவது கணக்குப் பார்க்காமல் வடை சாப்பிட ஆசை.

சக்கரக்காரன்
வியாழன், இரவு 10.15

வீட்டில் சொல்லிவிட்டேன். அவளும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறாளாம், ஹெல்மெட்டையும் சிவப்பு விளக்கையும் அவளே பார்த்து மாட்டிவிட்டால்தான் வாசலைத் தாண்டலாமாம். உசிலைத் தம்பி, உன் இரண்டு விளக்கும் போதாது போலிருக்கிறது.